தமிழ்க் காதும் ஆங்கிலச் சொல்லும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கம்ப்யூட்டர்காரனுக்கு மொழியைப் பற்றி என்ன பேச்சு என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. காரணம் இருக்கிறது. பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி மென்பொருள் அமைப்பது என் வேலையில் ஒரு பகுதி. அதைப் பற்றி ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும்போது நம்ம ஊர்ப் பிள்ளைகள் திணறுவதைப் பார்க்கிறேன். 'பிளைண்ட்' என்று எழுதக் கை வராது. 'விஷுவலி சேலஞ்ஜ்டு' என்று சுற்றி வளைப்பார்கள். குருடு, செவிடு, நொண்டி எல்லாம் நம் தெருவில் வசவுச் சொற்கள். அந்தத் தமிழ்க் காதை வைத்துக்கொண்டே ஆங்கிலத்தையும் கேட்கிறோம்.

ஆனால் 'பிளைண்ட்', 'டெஃப்' இரண்டும் ஆங்கிலத்தில் நேரான சொற்கள். உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு 1991-லேயே, 'ஹியரிங் இம்பேர்டு' வேண்டாம், 'டெஃப்', 'ஹார்ட் ஆஃப் ஹியரிங்' என்றே சொல்லுங்கள் என்றது. அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு, 'பிளைண்ட்' என்ற சொல்லைத் தவிர்த்துப் பூசி மெழுகுவதை எதிர்த்து 1993-ல் தீர்மானமே போட்டது. யாரைக் குறிக்கிறோமோ அவர்களே சொன்னது இது.

மறுபக்கம் 'டம்ப்'. ஊமை என்பதற்கு நாம் கூசாமல் போடுகிற சொல். இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு முட்டாள் என்றுதான் அர்த்தம். காது கேளாதவருக்குப் பெரும்பாலும் குரலில் பழுதே இருக்காது. காதில் விழாத பேச்சு வாயில் எளிதில் வராது, அவ்வளவுதான். கையால் சரளமாகப் பேசுகிறவரை 'டெஃப் அண்ட் டம்ப்' என்று போர்டு எழுதி மாட்டியிருக்கிறோம்!

'ஹேண்டிகேப்' என்றால் தொப்பியைக் கையில் ஏந்திப் பிச்சையெடுப்பது என்று ஒரு கதை உலாவுகிறது. கட்டுக்கதை. தொப்பிக்குள் கைவிட்டு ஆடிய பழைய பண்டமாற்று விளையாட்டில் பிறந்து, குதிரைப் பந்தயத்துக்குப் போய், அப்புறம்தான் மனிதர்கள் மேல் ஏறியது. பிறப்பு யோக்கியமாக இருந்தாலும் இன்று அவர்களில் பலர் வேண்டாம் என்கிறார்கள். எனக்கு அது போதும்.

இனி, கொஞ்சம் சிக்கலான இடம். 2010-ல், கலைஞர் கருணாநிதி முதல்வராக இருந்தபோது, அரசு ஏடுகளில் 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது. தமிழில் நல்ல சொல்; ஊன்றிவிட்டது. ஆனால் அதை அப்படியே பெயர்த்து 'டிஃபரன்ட்லி ஏபிள்டு' என்று ஆங்கிலத்தில் எழுதாதீர்கள். ஐ.நா.வின் மொழி வழிகாட்டியே தவிர்க்கச் சொல்கிற சொல் அது. நம் நாட்டின் 1995-ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, அதற்குப் பதிலாக வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, சொல்வது 'பெர்ஸன்ஸ் வித் டிஸெபிலிட்டீஸ்'. முதல் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள், இப்போது 21. அரசு வேலையில் 4 சதவீதம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடம் என்பதெல்லாம் அந்தச் சொல்லோடு கட்டப்பட்டவை. சாய்தளம் கேட்டு எழுதும் கடிதத்தில் சட்டத்தின் சொல் இருந்தால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். 'டிஃபரன்ட்லி ஏபிள்டு' என்றால் நாம் எல்லோருமே அதுதானே? எனக்குப் பாட வராது. அதற்கு யார் சாய்தளம் கட்டித் தருவார்கள்?

அதே மாதிரி 'வீல்சேர் பவுண்டு'. அவரைக் கட்டிப்போட்டது சக்கர நாற்காலியா, நாம் கட்டிய படிக்கட்டா? 'வீல்சேர் யூஸர்' என்றால் போதும்.

இதே புத்தூரில் பார்வையற்ற பெண்களுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. பார்வையற்ற மாணவிகள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதிக் கொடுத்த ஒரு தங்கை, காலையில் தன் பயோடேட்டாவைக் காட்டினார். 'ஹெல்ப்டு விஷுவலி சேலஞ்ஜ்டு கேர்ள்ஸ்' என்று இருந்தது. 'ஸ்க்ரைப் ஃபார் பிளைண்ட் ஸ்டூடன்ட்ஸ்' என்று திருத்திக் கொடுத்தேன்.

"பிளைண்ட்னு போட்டா ஒரு மாதிரி இருக்கே, ஸார்?" என்றார்.

"பரீட்சை எழுதினது அவங்கம்மா. நீங்க பேனா பிடிச்சீங்க. அதைத்தான் எழுதியிருக்கேன்" என்றேன்.