வலசைப் பருந்தும் எண்ணும் பெயரும்



மொழி மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் பருந்துகளுக்கு என்ன இடம் என்று உங்களுள் சிலர் எண்ணியிருக்கக்கூடும். அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர் எங்களிடம் அதனை நேராகவே கேட்டுவிட்டார். ஒரு பறவையை எண்ண வேண்டுமாயின் முதலில் அதற்கு ஒரு பெயர் வேண்டும். எதனை எண்ணினோம் என்று சொல்ல இயலாதவன் எண்ணியது வெறும் இலக்கம். இதுவே அவருக்கு நாங்கள் தந்த விடை.

நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்கு இலையுதிர்காலம் என்பது பாடநூலில் படித்த சொல். நம் முன்னோர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம். ஏறத்தாழ அந்நாள்களில் வடபுலத்து இலையுதிர்காலம் சிறகு கொண்டு நம்மிடம் வருகிறது. ஜப்பானிலும் வடகிழக்கு ஆசியாவிலும் குஞ்சு பொரித்த தேன்பருந்துகள் தாய்லாந்தைக் கடந்து, மலாயாத் தீபகற்பத்தின் வழியே தெற்கு நோக்கி இறங்குகின்றன. தாய்லாந்தின் சும்போன் பகுதியில் உள்ள காவோ தின்சோ குன்றில் ஒரு பருவத்தில் எண்ணப்படும் இரைகொல்லிப் பறவைகள் இலட்சக்கணக்கானவை. சிங்கப்பூரை வந்தடைபவை அவற்றுள் ஒரு சிறு பங்கே. அதுவும் நமக்குப் போதும்.

இப்பறவைகள் சிறகடித்துக் களைப்பதில்லை. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பின் சிறகை விரித்தபடியே அடுத்த ஏற்றக்காற்று வரை சறுக்கிச் செல்கின்றன. கடலின்மேல் அத்தகைய காற்று போதிய அளவு எழுவதில்லை. ஆகவே அவை இயன்றவரை நிலத்தை விடாமல் பற்றி வந்து, நீர்ப்பரப்பு குறுகிய இடத்தில் கடக்கின்றன. போர்ட் டிக்சனுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவானில் மலாக்கா நீரிணையின் அகலம் ஏறத்தாழ 38 கிலோமீட்டர். சுமத்திராவிலிருந்து வடக்கே மீளும் பருந்துகளை மாசி, பங்குனியில் அங்கே காணலாம்.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. வட்டமிடும் கூட்டத்தை எண்ணக்கூடாது. எண்ணினால் ஒன்றே மும்முறை கணக்கில் ஏறும். சுழலின் உச்சியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்து சறுக்கும்போதுதான் எண்ண வேண்டும். இதனைத் தெலோக் பிளாங்கா குன்றில் மாணவர்களோடு நின்றபோது நாங்கள் பட்டறிந்தோம். ஒரு முற்பகலில் ஒரு மாணவி 31 என்றாள். மற்றொரு மாணவன் 43 என்றான். பெரிய எண்ணின்மீது ஆசை கொண்டு 43 என்றே எழுதினோம். அவன் சுழலையே எண்ணியிருந்தான் என்பது பிற்பகலில்தான் தெரிந்தது. அப்பிழை அவனுடையதன்று, எங்களுடையது.

அதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. மழை பெய்த ஒரு ஞாயிறன்று மூன்று மணிநேரம் காத்திருந்தும் ஒரு பருந்தும் வரவில்லை. எழுத ஒன்றுமில்லை என்று ஏட்டை மூடினோம். மறு ஆண்டு அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்த மாணவர்கள், அன்று பறவை வரவில்லையா, நாம் போகவில்லையா என்று வினவினர். ஏடு அதற்கு விடை சொல்லவில்லை. மூன்று மணிநேரம், மழை, சுழியம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் சொல்லியிருக்கும்.

ஒரு வரியின் மதிப்பை அமெரிக்கப் பென்சில்வேனியாவின் ஹாக் மலையில் காணலாம். கோஷாக் என்னும் வல்லூற்றைக் கொன்றவருக்கு 1929 முதல் அம்மாநிலம் 5 டாலர் பரிசளித்தது. இலையுதிர்காலந்தோறும் அம்மலைமுகட்டில் பருந்துகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. 1934இல் ரோசலி எட்ஜ் என்னும் அம்மையார் அம்மலையைக் குத்தகைக்கு எடுத்து, மோரிஸ் புரூன் என்பவரைக் காவலுக்கு அமர்த்தினார். காவலுக்கு வந்த புரூன் எண்ணவும் தொடங்கினார். வெண்டலைக் கழுகுகளில் முதிர்ந்தவை எத்தனை, இளையவை எத்தனை என்று தனித்தனியே எழுதினார். தலை வெளுக்க ஏறத்தாழ 5 ஆண்டுகள் ஆகுமாதலின் இளையவற்றை அடையாளம் காண இயலும். அந்தப் பகுப்பு எதற்குப் பயன்படும் என்று அன்று யாருக்குத் தெரியும்?

1935 முதல் 1939 வரை கண்ட அக்கழுகுகளில் நூற்றுக்கு 40 இளையவை. 1955 முதல் 1959 வரை அது 20 ஆகக் குறைந்தது. 1957இல் முதிர்ந்தவை 32க்கு இளையது ஒன்றே. கழுகுகள் வானில் பறந்துகொண்டுதான் இருந்தன, குஞ்சுகள்தாம் இல்லை. இரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ நூலில் டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகளுக்கு எதிராக இவ்வெண்களையும் சான்றாக வைத்தார். 1972இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடைசெய்தது. மொத்தம் இத்தனை கழுகு என்று மட்டும் புரூன் எழுதியிருந்தால் அவருடைய ஏடு இதைச் சொல்லியிராது.

இனி நம் ஏட்டுக்கு வருவோம். முதலாண்டில் எங்கள் மாணவர்கள் கண்டதையெல்லாம் கழுகு என்றே எழுதினர். துறைமுகத்தின்மேல் நாள்தோறும் வட்டமிடும் செம்பருந்தும் கழுகு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்த தேன்பருந்தும் கழுகு. செம்பருந்து இவ்வூர்வாசி, வலசைக் கணக்கில் அது சேராது. கருடன் என்று கைகூப்பும் பாட்டிமார் அதனைப் பிரித்தறிவர், பேரப்பிள்ளைகள் அறியார். தமிழில் பெயருக்குப் பஞ்சமில்லை. கழுகு, பருந்து, வல்லூறு, இராசாளி, பாறு என்று எத்தனை! இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. வல்லூறு என்பதை ஒருவர் ஒரு பறவைக்கும் மற்றொருவர் வேறொன்றுக்கும் வழங்குகின்றனர். எனவே எங்கள் படிவத்தில் ஒரு பறவைக்கு ஒரே பெயர் என்று வரையறுத்து, அருகே அறிவியற்பெயரையும் எழுதினோம். எங்கள் பெயர்களை ஏற்காத ஆசிரியர்கள் இவ்வவையில் இருக்கலாம். திருத்திச் சொல்லுங்கள், கேட்கவே வந்துள்ளோம்.

படிவத்தின் இறுதிக் கட்டத்தில் ‘இனம் தெரியாதது’ என்று இருக்கும். அதில் குறியிட மாணவர்கள் கூசுகின்றனர். தேர்வில் விடையை வெற்றிடமாக விடக்கூடாது என்று நாமே பழக்கியதன் விளைவு அது. தேன்பருந்தோ இறகின் நிறத்தில் ஒன்றைப்போல் ஒன்று இராது. தொலைவில் செல்வதை ஊகித்து எழுதுவதினும் அக்கட்டத்தில் குறியிடுவதே நேர்மை. சென்ற பருவத்தில் எங்கள் ஏட்டில் மிகுதியாக நிரம்பியது அக்கட்டந்தான். அதனை நிரப்பியவள், முன்பு 31 என்று எண்ணிய அதே மாணவி.

படிவத்தின் படிகள் வாயிலருகே மேசையில் உள்ளன. வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம்.