தீயை அணைக்க வந்தார்களா, குடியைக் கலைக்க வந்தார்களா?

நாம் இன்று பேசப்போவது அயர்லாந்து நாட்டு விஷயம். கூலிப் பிரச்சினையை விட்டுவிட்டுக் கடல் கடந்து ஏன் போக வேண்டும் என்று சிலர் கேட்கலாம். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

அங்கே டிராவலர்கள் என்று ஒரு ஜனப்பகுதி உண்டு. 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 33,000 பேர். ஊர் ஊராக வண்டி கட்டிப் போய், தகரப் பாத்திரம் செய்து, ஓட்டை அடைத்து, குதிரை வாங்கி விற்று, பருவ காலத்தில் பண்ணைகளில் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். பிளாஸ்டிக் வாளி வந்தது. தகர வேலை போயிற்று. யந்திரம் வயலில் இறங்கியது. பண்ணைக் கூலியும் போயிற்று. யந்திரம் வந்து வயிற்றில் அடித்த கதையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவர்களைத் தனி இனமாக அந்நாட்டு சர்க்கார் அங்கீகரிக்க 2017 மார்ச் 1 வரை பிடித்தது.

2015 அக்டோபர் 10, விடியற்காலை. டப்ளின் நகருக்குத் தெற்கே காரிக்மைன்ஸ் என்ற இடம். கவுன்சில் அமைத்த "தற்காலிக" திடல். அங்கே தயார் நிலையில் கொண்டுவந்து வைக்கிற கூண்டு வீடு ஒன்றில் தீப்பிடித்தது. பத்துப் பேர் மாண்டார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள்! 2019ல் நடந்த மரண விசாரணையில், மின் அடுப்பில் அணைக்காமல் விட்ட எண்ணெய்ச் சட்டியிலிருந்து தீ கிளம்பியது என்று தெரிந்தது. அடுப்பை மறப்பது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். கல் வீட்டில் அது சமையலறையோடு நின்றாலும் நிற்கும். லேசான சுவரும் தாழ்ந்த கூரையும் கொண்ட கூண்டில் தூங்குகிறவன் எழுந்து வாசலைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். தப்பிப் பிழைத்தவர்களுக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் ஒதுக்கக் கவுன்சில் முனைந்தது. அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் காரை நிறுத்தி வழியை மறித்தார்கள். சவ அடக்கம் கூட முடியவில்லை, தோழர்களே! கடைசியில் வேறொரு இடத்துக்குத்தான் கொண்டுபோனார்கள்.

நாடெங்கும் டிராவலர் திடல்களில் தீப் பாதுகாப்பைச் சோதிக்க சர்க்கார் உத்தரவிட்டது. நல்ல காரியம், நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் சோதனையில் அகப்படுவது என்ன? வண்டி வீடுகளுக்கிடையே போதிய இடைவெளி வேண்டும். பிரிட்டனின் மாதிரி விதி 6 மீட்டர் என்கிறது. நம் கூரை வீடுகளில் ஒன்று பிடித்தால் வரிசையே போகிறதல்லவா, அதே நியாயம். அந்த இடைவெளி ஏன் இல்லை? மகனுக்குக் கல்யாணமாகிறது, வீடு கேட்டு மனுப் போடுகிறான், வருஷக்கணக்கில் பதில் இல்லை. தகப்பன் வண்டிக்கும் அடுத்தவன் வண்டிக்கும் நடுவே தன் வண்டியைச் செருகுகிறான். ஒரு வீட்டுக்குப் போட்ட மின்கம்பியில் மூன்று வீடு எரிகிறது. இடைவெளியைத் தின்றது அவன் அல்ல, கட்டப்படாத வீடு.

அதிகாரி வருகிறார்; அளக்கிறார்; "ஆபத்து, வண்டியை எடு" என்கிறார். எங்கே எடுத்துப் போவது? அதைச் சொல்வது அவர் வேலை அல்லவாம்! 2016 ஜனவரியில் டண்டாக் நகரில் தீப் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஒரு திடலிலிருந்து குடும்பங்களைக் கவுன்சில் வெளியேற்றியது. நடுக் குளிர்காலம். நெருப்பிலிருந்து காப்பாற்றிப் பனியில் விட்டார்கள்.

பணம் இல்லையா? டிராவலர் வீட்டுவசதிக்கு 2008ல் ஒதுக்கியது 4 கோடி யூரோ. வங்கிகள் கவிழ்ந்து சிக்கன வெட்டு வந்தபோது, 2013க்குள் அது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காயிற்று. அதிலும் வேடிக்கை, பல ஆண்டுகளில் அந்தச் சொற்பத்தையும் கவுன்சில்கள் முழுதாகச் செலவழிக்கவில்லை! திடல் என்று பேச்செடுத்தால் ஓட்டுப் போய்விடும் என்று கவுன்சிலர்களுக்குப் பயம்.

ஆகவே அங்குள்ள டிராவலர் அமைப்புகள் கேட்பதை நாம் நியாயம் என்கிறோம். புகை எச்சரிக்கைக் கருவி கொடு, சரி. வீட்டுக்கு வீடு தனி மின்இணைப்பு, தீயணைப்புக்குத் தண்ணீர்க் குழாய், வண்டி நுழையப் பாதை, இவற்றையும் போடு. வண்டியை எடுக்கச் சொல்லும் முன் அந்தக் குடும்பத்துக்கு மாற்று இடத்தைக் காட்டு. தற்காலிகம் என்று வைத்ததை ஆண்டுக்கணக்கில் இழுக்காதே.

சட்டம் எப்படி என்றும் பாருங்கள். டிராவலர்களுக்கு வீட்டுவசதித் திட்டம் போட்டு நிறைவேற்றக் கவுன்சில்களுக்கு 1998 சட்டம் கட்டளையிட்டது. செய்யாத கவுன்சிலுக்கு அதில் தண்டனை கிடையாது. 2002ல் இன்னொரு சட்டம்: இடமில்லாமல் பிறர் நிலத்தில் வண்டியை நிறுத்துகிற டிராவலர் குற்றவாளி. அவருக்கு அபராதம் உண்டு, சிறையும் உண்டு.