சும்மா ஒரு பாட்டு, சும்மா ஒரு புத்தகம்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைப்பெல்லாம் வேண்டாம், பிடித்த பாட்டு, பிடித்த புத்தகம் பற்றிச் சும்மா பேசுங்கள் என்று என்னை அழைத்தார்கள். இந்தச் 'சும்மா' எனக்கு என்றுமே சுலபமாக இருந்ததில்லை.

கல்லூரி விடுதியில் முதல் வாரம். அறையில் நான்கு பேர். "நீ என்ன பாட்டு கேப்ப?" என்று ஒருவன் சாதாரணமாகத்தான் கேட்டான். நான் வடசென்னைக்காரன். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் இரவெல்லாம் கானா பாடுவார்கள். செத்தவர் பார்த்த வேலை, அவர் போட்ட சண்டை, வைத்துவிட்டுப் போன கடன் எல்லாம் பாட்டில் வந்துவிடும். அழுதுகொண்டிருக்கும் வீடு நடுராத்திரியில் ஒரு வரிக்குச் சிரித்துவிடும். அதைக் கேட்டு வளர்ந்தவன் நான், "இளையராஜா" என்றேன். பொய்யில்லை, பிடிக்கும்தான். ஆனால் இளையராஜா என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கானா என்றால் "எந்த ஏரியா?" என்று வரும். அதற்கடுத்த கேள்வி என்னவென்று உங்களுக்கே தெரியும். மூன்று வருடம் அந்த அறையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் கானா கேட்டேன்.

"அது என்னவோ, பறைச் சத்தம் எனக்கு ஒத்துக்காது, மத்தபடி ஒண்ணுமில்ல" என்பார்கள். காதுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பறையும் தோல்தான், மிருதங்கமும் தோல்தான். மிருதங்கத்துக்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் வேண்டும். அந்தத் தோலைப் பதம் பார்த்து, வாரிழுத்துக் கட்டித் தரும் குடும்பங்களில் பல தலித் கிறித்தவக் குடும்பங்கள். அவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு நூல் எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறு இடத்தில் நடந்தது. வாத்தியம் மேடையேறலாம், அதைச் செய்தவரின் கதை ஏறக்கூடாது. இதற்குப் பிறகும் ரசனை என்பது அவரவர் காது சம்பந்தப்பட்டது என்றால் எப்படி நம்புவது?

சரி, அவர்களை விடுங்கள். நம்மிடம் வருகிறேன். இங்கே கொஞ்சம் கோபப்படுவீர்கள், பரவாயில்லை.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. நம் கூட்டங்களில் அதைப் பற்றி என்ன பேசுகிறோம்? 'முக்கியமான ஆவணம்', 'வலியின் பதிவு'. இரண்டு சொல்லோடு முடித்துவிட்டு, அடுத்து வேறொரு நாவலை எடுத்து அதன் மொழி, வடிவம், நகைச்சுவை என்று ஒரு மணிநேரம் பேசுகிறோம். ஒருவருக்கு மரியாதை, இன்னொருவருக்கு வாசிப்பு. இந்த மரியாதையும் ஒருவகைத் தள்ளிவைப்புதான் என்று எனக்குப் படுகிறது. அதே பாமா 'கிசும்புக்காரன்' என்று ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டிருக்கிறார். பண்ணைக்காரனை அவன் முகத்துக்கு நேராகவே நக்கலடிக்கிற சேரிக்காரர்களின் கதைகள். அதை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? கை தூக்க வேண்டாம். அழுகிற தலித்தைத்தான் நமக்குத் தெரியும், கேலி பேசுகிறவரைத் தெரியாது.

பிடிக்கவில்லை என்று சொல்லவும் பயப்படுகிறோம். 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது தலித் விமர்சகர்களே அதைக் கடுமையாகச் சாடினார்கள். புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை அது. அந்த வாழ்வைச் சொன்ன விதம் சரியா என்று சண்டையே நடந்தது. அந்தச் சண்டை அந்த நாவலுக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் நான் சொல்வேன்.

ஆகவே என் பங்குக்குச் சும்மா சொல்லிவிடுகிறேன். 'கருக்கு' எனக்குப் பிடிக்கும், ஆனால் திரும்பத் திரும்ப எடுப்பது 'கிசும்புக்காரன்'தான். 'கோவேறு கழுதைக'ளில் ஆரோக்கியம் இவ்வளவு அழுதிருக்க வேண்டாம் என்று எனக்கு ஒரு புகார் உண்டு. கானாவில் இப்போது வரும் காதல் தோல்விப் பாட்டுகளில் பாதி எனக்குச் சகிக்கவில்லை, பெண்களைத் திட்டுவதைத் தவிர அவற்றில் ஒன்றுமில்லை. சாவு வீட்டுக் கானாவுக்கு மட்டும் இன்றைக்கும் எழுந்து போய் உட்கார்ந்துவிடுவேன்.

மைக்கை அந்தக் கடைசி வரிசைத் தோழரிடம் கொடுங்கள். இமையத்தைப் பற்றிச் சொன்னபோதே தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தார்.