முதல் பந்தயச் சைக்கிளுக்கு எத்தனை பல்?



ஸ்கூடாய் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை விடியலில் சாலையோரம் நின்றால், வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட பந்தயச் சைக்கிள்கள் கூட்டமாகப் போவதைக் காணலாம். பார்க்கும் பிள்ளைகளுக்கு ஆசை வருகிறது. ஐம்பதை நெருங்கும் தகப்பன்மாருக்கும் வருகிறது. விலையோ ஆயிரக்கணக்கான வெள்ளி. அவ்வளவு கொடுத்து வாங்கிய வண்டி சில மாதங்களில் வாசல் தாழ்வாரத்தில் தூசி படிந்து நிற்குமானால், ‘சோம்பேறி’ என்று ஓட்டியவரைப் பழிக்கிறோம். பல வேளைகளில் குற்றம் ஆளிடம் இல்லை. அந்த வண்டியின் கியர் அவருடைய காலுக்கு ஏற்றதாக இல்லை.

கடையில் முதலில் காதில் விழுவது, ‘இது இருபத்திரண்டு கியர்’ என்ற சொல்தான். முன்னே இரண்டு பற்சக்கரம், பின்னே பதினொன்று, பெருக்கினால் 22. கணக்கு சரி, பயன் அவ்வளவு இல்லை. முன்சக்கரங்கள் 50 பல்லும் 34 பல்லும் என்று வைத்துக்கொள்வோம். 50-ஐப் பின்னால் 25 பல்லில் மாட்டினாலும், 34-ஐ 17 பல்லில் மாட்டினாலும், மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் சரியாக இரண்டு சுற்றுத்தான் சுற்றும். இரண்டும் ஒரே கியர், பெயர்தான் இரண்டு. ஆகவே எண்ணிக்கையைக் கேட்பதை விட்டுவிட்டு, மிகச் சிறிய கியர் எது என்று கேட்போம்.

பந்தயச் சைக்கிளின் சக்கரம் ஒருமுறை உருண்டால் ஏறத்தாழ 2.1 மீட்டர் போகும். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து 2.1-ஆல் பெருக்கினால், மிதி ஒருமுறை சுற்றும்போது வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்பது கிடைத்துவிடும். தோட்டத்தில் நம் பெரியவர்கள் ஓட்டிய கனத்த சைக்கிளை நினைத்துப் பாருங்கள். முன்னே 44, பின்னே 18 என்று எடுத்துக்கொண்டால், அதன் பெரிய சக்கரத்துக்கு ஒரு மிதிக்கு ஏறக்குறைய 5.4 மீட்டர் வரும். சமதரையில் அது அருமையான கியர். இன்றைய பந்தயச் சைக்கிளில் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 85 சுற்று மிதித்துப் போகிறவரும் கிட்டத்தட்ட அதே கியரில்தான் இருக்கிறார். மேடு வந்தால் பெரியவர்கள் இறங்கித் தள்ளினார்கள். அதில் அவர்களுக்கு வெட்கம் இருக்கவில்லை.

வெட்கம் பந்தயக்காரர்களிடமிருந்து வந்தது என்றே தோன்றுகிறது. பிரான்ஸ் நாட்டின் பெரிய பந்தயமான தூர் தெ பிரான்ஸைத் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்சு, ஓடும்போதே சங்கிலியை மாற்றும் கருவியைப் பந்தயவீரர்களுக்கு நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. கியர் மாற்றுவது வயதானவர்களுக்கு உரியது என்பது அவர் கருத்து. 1937-இல்தான் அந்தத் தடை நீங்கியது. ஆனால் சிறிய கியர் என்றால் பலவீனம் என்ற எண்ணம் இன்றும் சில கடைகளிலும் சில நண்பர்களிடமும் இருக்கிறது.

சரி, மேட்டில் என்ன நடக்கிறது? ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் மேடு. பழைய பந்தய அமைப்பில் முன்னே 53-உம் 39-உம், பின்னே பெரியது 25. அதன் மிகச் சிறிய கியரில் ஒரு மிதிக்கு 3.3 மீட்டர். நொடிக்கு ஒரு மிதி மிதித்தால், அதாவது நிமிடத்துக்கு 60 சுற்று, உயரம் ஏறுவதற்கு மட்டும் 200 வாட்டுக்கு மேல் வேண்டும். ஐந்து நாற்பது வாட் பல்புகள் எரியும் சக்தி அது. காற்றும் சாலை உராய்வும் தனி. உடல்நலமுள்ள, ஆனால் பழக்கமில்லாத ஒருவர் அரைமணி நேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடியது 100 முதல் 150 வாட் வரைதான். அவர் 130 வாட் கொடுத்தால், அந்தக் கியரில் மிதி நிமிடத்துக்கு 38 சுற்றுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு மிதியும் மாடிப்படியில் ஒற்றைக் காலை ஊன்றி எழுவதுபோல் ஆகிறது. மூச்சு வாங்குவதற்கு முன்னே முழங்கால் வலிக்கிறது.

அதே மேடு, அதே ஆள். முன்னே 34, பின்னே 34 என்று மாற்றுவோம். ஒரு மிதிக்கு 2.1 மீட்டர். அதே 130 வாட்டில் நிமிடத்துக்கு 60 சுற்றுச் சுற்றலாம். வேகம் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர். வேகமாக நடப்பவரைவிடச் சற்றே கூடுதல். ஆனால் உச்சிக்குப் போய்ச் சேருவார், மறுவாரமும் வருவார்.

‘ஸ்கூடாயில் மலை எங்கே இருக்கிறது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இங்கிருந்து பெக்கான் நானாஸ் வழியாகப் பொந்தியானுக்குப் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை பெரும்பாலும் சமதளம். அதில் லாரிகளைத்தான் அஞ்ச வேண்டும். ஆனால் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகம் மேடும் பள்ளமுமான நிலத்தில் இருக்கிறது; தாமான்களுக்குள்ளும் குட்டையான, செங்குத்தான ஏற்றங்கள் உண்டு. நாற்பது கிலோமீட்டர் வெயிலில் ஓட்டிவிட்டு வீடு திரும்பும்போது, கடைசியில் வரும் சின்ன மேடு மலையாகத் தெரியும். கியரை அந்தக் கடைசி மேட்டுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கெந்திங் மலைக்கு ஒருநாள் போகும் எண்ணம் இருந்தால் கேட்கவே வேண்டாம். 1996-இல் தொடங்கிய லங்காவிப் பந்தயத்தின் வீரர்களையே பல ஆண்டுகள் சோதித்த ஏற்றம் அது.

வேகம் குறைந்துவிடுமே என்ற அச்சம் வேண்டாம். 50 பல்லையும் 11 பல்லையும் மாட்டி நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 51 கிலோமீட்டருக்கு மேல் வரும். புதிதாகப் பழகுகிறவர் இறக்கத்தில்கூட அதற்கு மேல் மிதிக்க வேண்டியதில்லை. ஆகவே முன்னே 50-34, பின்னே 11 முதல் 32 அல்லது 34 வரை. இதுவே நம் பரிந்துரை. வயது கூடியவர்களும் உடல் கனத்தவர்களும் முன்னே 46-30 கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம்.

இதில் ஒரு சிறு நட்டமும் உண்டு. பின்னே 11 முதல் 28 வரையுள்ள தொகுதியில் 11, 12, 13, 14, 15 என்று ஒவ்வொரு பல்லாக ஏறும். 34 வரை போகும் தொகுதியில் 11, 13, 15 என்று தாவும். பொந்தியான் சாலையில் எதிர்காற்றில் கூட்டமாக ஓட்டும்போது, ஒரு கியர் கனமாகவும் அடுத்தது இலேசாகவும் படும். அனுபவப்பட்டவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். முதல் ஆண்டில் அது நம்மைத் தொந்தரவு செய்யாது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மலிவாக வரும் நல்ல பழைய வண்டிகள் பல 53-39 பல் கொண்டவை. ‘முன்சக்கரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்’ என்று விற்பவர் சொல்லக்கூடும். அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஐந்து திருகுகளும் 130 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்திருந்தால், 38 பல்லுக்குக் குறைந்த சக்கரம் அதில் ஏறாது. மிதிக்கட்டை பூட்டும் கிராங்கு முழுவதையும் மாற்ற வேண்டிவரும். பின்தொகுதியை மாற்றுவது அதைவிட மலிவு. ஆனால் சங்கிலியை நகர்த்தும் பின்கருவி எத்தனை பல் வரை தாங்கும் என்று முதலில் விசாரிக்க வேண்டும். குட்டைக் கூண்டுள்ள பழைய கருவிகள் பல 28-க்கு மேல் போகமாட்டா. பெரிய தொகுதி போட்டால் சங்கிலியின் நீளமும் கூட வேண்டும். இவ்வளவு செலவையும் கூட்டிப் பார்த்த பிறகே பழைய வண்டி மலிவா என்று முடிவு செய்யலாம்.

பணம் கொடுப்பதற்கு முன், கடைக்காரரின் அனுமதியோடு அருகிலுள்ள ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். மிகச் சிறிய கியரில், இருக்கையை விட்டு எழாமல், கைக்கடிகாரத்தைப் பார்த்து வலக்கால் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கீழே வருகிறது என்று எண்ணுங்கள். அறுபதுக்குக் குறைந்தால், பின்னால் இன்னும் பெரிய தொகுதி போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். புது வண்டியில் விலை பேசும்போதே கேட்டால், சிறு தொகை சேர்த்து மாற்றித் தரும் கடைகள் உண்டு.