அவரவர் வீட்டுக்கு எதிரே

(விண்ணேற்பு அன்னை பெருவிழாவை முன்னிட்டு வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



வருகிற ஆகஸ்டு 15 நமக்கு இரட்டைத் திருவிழா. அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா. நாட்டின் விடுதலைத் திருநாள். காலையில் திருப்பலி, முடிந்ததும் ஆலய முற்றத்தில் கொடியேற்றம், சிறுவர்களுக்கு மிட்டாய். இவை நம் பங்குகளில் தவறாமல் நடக்கின்றன. அதே நாளில் மூன்றாவதாக ஒன்றும் நடக்கிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளில் அன்று கிராம சபை கூடுகிறது. திருப்பலியில் பங்கேற்ற நம்மில் எத்தனை பேர் அங்கே போகிறோம்?

"அது அரசியல் சாமி, நமக்கு எதுக்கு?" பங்குகளில் நாம் அடிக்கடி கேட்கும் பதில் இது. பதில் சொல்பவர்கள் நல்லவர்கள்தான். செபமாலை தவறாதவர்கள், நவநாள் தவறாதவர்கள். அவர்களோடு சேர்ந்து இன்று நெகேமியா நூலைத் திறந்து பார்ப்போம்.

கி.மு. 445 அளவில் நடந்தது இது. பாரசீக மன்னர் அர்த்தக்சஸ்தாவுக்குப் பானம் பரிமாறும் பணியில், சூசா அரண்மனையில் வசதியாக இருந்தவர் நெகேமியா. எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது, வாயில்கள் தீக்கிரையாகிவிட்டன என்ற செய்தி அவருக்கு வருகிறது. உட்கார்ந்து அழுகிறார்; நோன்பிருந்து மன்றாடுகிறார். பின்பு மன்னரிடம் விடை பெற்றுக்கொண்டு எருசலேமுக்கே புறப்பட்டு வந்துவிடுகிறார். வந்தவுடன் அவர் கூட்டம் போட்டுப் பேசவில்லை. மூன்று நாள் பொறுத்து, இரவில் எழுந்து, ஒரு சிலரை மட்டும் அழைத்துக்கொண்டு மதிலைச் சுற்றிப் பார்க்கிறார். ஓரிடத்தில் இடிபாடு மிகுந்து, அவர் ஏறி வந்த விலங்கு கடந்து செல்லவே வழியில்லை. எங்கே எவ்வளவு இடிந்திருக்கிறது என்று தம் கண்ணால் கண்ட பிறகுதான் மக்களிடம் வாய் திறக்கிறார்.

அடுத்து வருவது மூன்றாம் அதிகாரம். முழுக்க முழுக்கப் பெயர்ப் பட்டியல். வாசகர்கள் இந்தப் பெயர்களை உச்சரிக்கப் படும் பாட்டை நினைத்தோ என்னவோ, ஞாயிறு வாசகங்களில் இது இடம்பெறுவதில்லை. நாமும் வீட்டில் வாசிக்கும்போது தாண்டிப் போய்விடுகிறோம். தாண்டாமல் ஒருமுறை பொறுமையாக வாசித்துப் பாருங்கள்.

முதலில் வேலையைத் தொடங்குகிறவர் தலைமைக் குரு எலியாசிபு. அவரும் உடன் குருக்களும் ஆட்டு வாயிலைக் கட்டுகிறார்கள். "நீங்கள் கட்டுங்கள், நாங்கள் மந்திரிக்க வருகிறோம்" என்று அவர்கள் சொல்லவில்லை! அடுத்து பொற்கொல்லர்கள், நறுமணத் தைலம் செய்வோர், வணிகர்கள். மென்மையான வேலைக்குப் பழகிய கைகள் கல் சுமக்கின்றன. எருசலேமின் ஒரு பாதிக்குத் தலைவராக இருந்த சல்லூம் தம் புதல்வியரோடு வந்து ஒரு பகுதியைக் கட்டுகிறார். அந்தப் பெண்களின் பெயர்கள் எழுதப்படவில்லை. அவர்கள் கட்டியது எழுதப்பட்டிருக்கிறது. ஊர்க் குப்பை வெளியேறும் குப்பைமேட்டு வாயிலைக் கட்டியவர் யார்? பெத்தக்கரேம் மாவட்டத் தலைவர் மல்கியா. ஒரு மாவட்டத்தின் தலைவர் தமக்கென்று எடுத்துக்கொண்ட பங்கு அது.

இந்தப் பட்டியலில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. இன்னார் 'தம் வீட்டுக்கு எதிரே' கட்டினார் என்று. எருசலேம் முழுவதையும் ஒருவரே கட்டச் சொன்னால் யாருக்கும் கை ஓடாது. தன் வாசலுக்கு எதிரே இருக்கும் இடிபாட்டைத் தன் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ள எவராலும் முடியும். ஆனால் ஒருவர் கட்டியது எங்கே முடிந்ததோ அங்கிருந்து அடுத்தவர் தொடங்க வேண்டும். ஒட்டவில்லை என்றால், எதிரி நுழைய அந்த ஓர் இடைவெளி போதும். பெரிய வேலைத் திட்டம் எதுவுமின்றி, இப்படி ஒட்டி ஒட்டிக் கட்டியே 52 நாள்களில் மதில் எழும்பியது.

எல்லாரும் வந்தார்களா என்றால், இல்லை. தெக்கோவா ஊரார் வந்தார்கள். அவ்வூர்ப் பெருமக்கள் மட்டும் வேலைக்குத் தோள் கொடுக்க மறுத்துவிட்டார்கள். ஏன் என்று திருவிவிலியம் காரணம் சொல்லவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு அதை விளக்கிச் சொல்லவும் தேவையில்லை. யார் தூக்கிய கல்லுக்கு அடுத்து யார் கல் வைப்பது, யார் பக்கத்தில் யார் நிற்பது என்ற கணக்கு நமக்குப் புதிதா? ஒரே ஞானத் தொட்டியில் திருமுழுக்குப் பெற்றவர்கள், தேர் எந்தத் தெருவுக்குள் வரலாம், எந்தத் தெருவோடு நின்றுவிட வேண்டும் என்று பேசுவதையும், ஒரே பங்கின் இறந்தோர் இரண்டு கல்லறைத் தோட்டங்களில் துயில்வதையும் நாம் அறிந்தே இருக்கிறோம். ஆனால் தெக்கோவாவின் எளிய மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் பகுதியைக் கட்டி முடித்துவிட்டு, பட்டியலின் பின்பகுதியில் மீண்டும் வருகிறார்கள், இரண்டாவதாக இன்னொரு பகுதியைக் கட்ட.

அன்பார்ந்தவர்களே, ஒற்றுமை என்ற சொல்லை நாம் சற்றுக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். பல நேரங்களில் இச்சொல் வலியோர் வாயிலிருந்தே வருகிறது. "ஒற்றுமையைக் கெடுக்காதே" என்றால், பெரும்பாலும் "வாயை மூடிக்கொண்டிரு" என்றே பொருள். நெகேமியாவுக்கும் இந்தச் சோதனை வந்தது. மதில் வேலை மும்முரமாக நடக்கும்போது, வெளியே பகைவர் மிரட்டிக்கொண்டிருக்கும்போது, உள்ளே ஏழைகளின் கூக்குரல் எழுகிறது. பஞ்ச காலத்தில் தானியத்துக்காக நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்தோம். அரசனுக்கு வரி கட்டக் கடன் வாங்கினோம். எங்கள் பிள்ளைகளை அடிமைகளாக்கும் நிலைக்கு வந்துவிட்டோம் என்று ஆண்களும் பெண்களும் முறையிடுகிறார்கள். கடன் கொடுத்தவர் அந்நியர் அல்லர், சொந்த இனத்தார்.

"மதில் முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று சொல்ல நெகேமியாவுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. சினம் கொள்கிறார், சிந்திக்கிறார், பெரிய சபையைக் கூட்டி, எல்லார் முன்னிலையிலும் பெருமக்களைக் கேள்வி கேட்கிறார். அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. நிலங்களும் வீடுகளும் திருப்பித் தரப்படுகின்றன. வெறும் வாக்குறுதி போதாதென்று, குருக்களை வரவழைத்து அவர்கள் முன் ஆணையிடச் செய்கிறார். அவர் தாமும் 12 ஆண்டுகள் ஆளுநருக்குரிய படியைத் தொடாமல் இருந்தவர். ஆகவே கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. முறையீட்டைக் கேட்டுத் தீர்த்து வைத்த பிறகே மதில் நிறைவு பெறுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் 1963-இல் திருவழிபாட்டைப் பற்றிய ஏட்டில், மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் பங்கேற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அதற்கு முன் பீடத்தில் இலத்தீனில் திருப்பலி நடக்கும். கீழே நம் பாட்டிமார் தங்கள் போக்கில் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். இன்று நாம் பதில் சொல்கிறோம், பாடுகிறோம், வாசகம் வாசிக்கிறோம். கோவிலுக்குள் பார்வையாளராக இருப்பதை விட்டுவிட்டோம். ஊர்ச் சபையில் மட்டும் இன்னும் பழைய பாட்டிமாரைப் போலவே, அங்கே நடப்பது அவர்கள் பாடு, இங்கே நம் பாடு என்று இருக்கிறோம்.

இத்தனைக்கும் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்த நாள் முதல், கிராம சபை நம் உரிமை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தனியாக விண்ணப்பம் போடத் தேவையில்லை. ஆண்டுக்கு ஆறு நாள்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் மக்கள்தொகை 500-க்கு மேல் 3,000 வரை என்றால், சபை நடக்க 100 பேராவது வந்திருக்க வேண்டும். நகரங்களில் இருப்பவர்களுக்கும் 2022 முதல் பகுதி சபைகள் உண்டு. வரி செலுத்துவதும் வாக்களிப்பதும் அறநெறிக் கடமைகள் என்று நமது மறைக்கல்வி நூலே கற்பிக்கிறது. வாக்குக்குப் பணம் வாங்குவதைப் பற்றி இங்கே பேச நேரமில்லை. வாங்கியவருக்குச் சபையில் எழுந்து நின்று கணக்குக் கேட்கக் குரல் வராது என்பதை மட்டும் நினைவில் வைப்போம்.

அந்தச் சபையில் ஊராட்சியின் வரவு செலவு படிக்கப்பட வேண்டும். குடிநீர், தெருவிளக்கு, சாலை பேசப்பட வேண்டும். வீடு கட்டும் திட்டத்தின் பயனாளிகள் பட்டியல் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். சில இடங்களில் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஆள் கிளம்பிவிடுகிறார்; தீர்மானம் பின்னால் எழுதப்படுகிறது. பட்டியல் படிக்கப்படுவதே தெரியாமல், தெருக் கடைசியில் ஒழுகும் கூரைக்கடியில் ஒரு கைம்பெண் இருக்கிறார். "இவர் பெயர் ஏன் இல்லை?" என்று கேட்க நூறு பேரில் ஒருவர் போதும். அந்த ஒருவர் வீட்டில் இருந்துவிட்டால் பட்டியல் அப்படியே நிறைவேறிவிடும். தாழ்நிலையில் இருப்போரை இறைவன் உயர்த்துவதாகப் புகழ்ந்து பாடிய அன்னையின் பெருவிழா அன்றே இது நடக்கிறது.

எனவே இந்த வாரம் அன்பியக் கூட்டம் கூடும்போது, செபம் முடிந்ததும் நெகேமியாவைப் போல ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்தக் கம்பத்தில் விளக்கு இல்லை, மழைக்காலத்தில் கல்லறைக்குப் பிணம் தூக்கிச் செல்ல எந்த இடத்தில் வழியில்லை என்று கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நம் ஆலயத்துக்கு ஒரு சுற்றுச்சுவர் கேட்பதற்காக அல்ல. அம்மன் கோவில் தெருவில் எரியாத விளக்கையும், பள்ளிவாசல் பக்கம் உடைந்த வாய்க்காலையும் அதே தாளில் எழுதுங்கள். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். பெண்கள் கட்டாயம் போங்கள், பெண் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். தீர்மானம் வாசிக்கப்படும்வரை உட்கார்ந்திருங்கள்.

கிராம சபை வழக்கமாகக் காலை 11 மணிக்குத் தொடங்கும். திருப்பலியும் கொடியேற்றமும் அதற்குள் முடிந்துவிடும். போகிற வழியில், தேர் நுழையாத அந்தத் தெருக்காரர்களையும் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.