எரிகோவின் மதிலும் ஒரு கம்பளியும்

அக்கராயன் குளத்தயலில் வளர்ந்த நாங்கள் பல திரைப்படங்களை முதலிற் கண்டது கண்ணாலன்று, காதாலேயே. இலங்கை வானொலி ஒலிச்சித்திரத்தைக் கேட்டுக் கதாநாயகியின் முகத்தை நாங்களே வரைந்துகொண்டோம். அப்பழக்கம் போலும், 1934 இல் பிராங்க் கப்ரா இயக்கிய 'இட் ஹப்பன்ட் வன் நைட்' என்னும் ஹொலிவூட் படத்தில் என் மனம் பெரிதும் ஈடுபட்டது. திரை பேசத் தொடங்கிச் சில ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. பேச்சே அப்படத்தின் உயிர்.

தந்தை ஒப்பாத கணவனிடம் சேரும்பொருட்டு, எல்லி என்னும் செல்வர் மகள் தந்தையின் உல்லாசப் படகிலிருந்து கடலிற் குதித்து, நியூ யோர்க் செல்லும் பஸ்ஸில் ஏறுகிறாள். அருகே, வேலையிழந்த பத்திரிகை நிருபன் பீற்றர். குளோடெற் கோல்பேர்ட்டும் கிளார்க் கேபிளும் இவ்விருவராக நடித்தனர். வெள்ளம் பாலத்தை உடைத்துவிடப் பயணம் தடைப்படுகிறது. மாரிகாலத்து வன்னியார்க்கு இது புதினமன்று! தங்கக் கிடைத்ததோ ஓர் அறை. பீற்றர் நடுவே கயிறு கட்டிக் கம்பளியைத் தொங்கவிட்டு, "இது எரிகோவின் மதில், இடிக்க என்னிடம் எக்காளம் இல்லை" என்கிறான். முகங்காணா இருவரிடையே அன்பு அரும்புவது, மதிலைக் கடந்துவரும் பேச்சினால்.

2008 இல் அக்கராயனை விட்டு இடம்பெயர்ந்தோர்க்கு அத்தகைய மதில் தெரியும். கொட்டிலிலும் கூடாரத்திலும் கயிற்றிலிட்ட சேலையே சுவர். அப்பாலுள்ளாரின் இருமலும் பிணக்கும் செவியில் விழும். விழாதது போலிருத்தலே அங்கு மரியாதை. பீற்றரின் கம்பளியைக் கண்டு நான் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

படத்திலும் வறுமை உண்டு. அது அமெரிக்காவின் பெருமந்த காலம். பஸ்ஸில் ஒரு தாய் பசியால் மயங்கி விழ, மகன் அழுகிறான். அவனுக்குக் கைப்பணம் ஈயப்படுகிறது. ஈற்றில் எல்லியின் தந்தையிடம் பீற்றர் கேட்பது, அறிவிக்கப்பட்ட 10,000 டொலர் பரிசையன்று; செலவான 39 டொலர் 60 சதத்தை மட்டுமே. காதலைக் கணக்குச் சீட்டால் மெய்ப்பித்தவன் இவனொருவனே போலும்.

இக்கதையையே சென்னை ஏ.வி.எம். நிறுவனத்தார் 1956 இல் 'சோரி சோரி' என இந்தியில் எடுத்தனர். ராஜ் கபூரும் நர்கிசும் நடித்த அப்படத்திற் பாட்டுகள் இனியன. ஆயினும் பேச்சின் சுவைக்கு மூலப்படமே என் தெரிவு.

கடைசிக் காட்சியிற் காதலரை நாம் காண்பதே இல்லை. விடுதிக்காரரும் மனைவியும் வெளியே நின்று, இவர்களுக்கு எக்காளம் எதற்கென்று வியக்கின்றனர். உள்ளே அது ஒலிக்கிறது, கம்பளி நிலத்தில் விழுகிறது, விளக்கணைகிறது.