ரவுட்டருக்கும் பூட்டு வேண்டும்

இலங்கை மலையகத்தின் லிந்துலையில் இப்போது தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளிலும் ரவுட்டர் இருக்கிறது. பிள்ளைகளின் ஸூம் வகுப்பு, வெளிநாட்டில் வேலை செய்யும் அம்மாவின் வீடியோ அழைப்பு, வங்கிக் கணக்கு எல்லாம் அதன் வழியேதான்.

அதைப் பூட்டாமல் விட்டால் என்ன ஆகும்? 2017 ஜூலையில் இந்தியாவில் அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான பி.எஸ்.என்.எல்.-இன் மோடம்கள் ஆயிரக்கணக்கில் முடங்கின. தீய நிரல் ஒன்று புகுந்துவிட்டது. எப்படி? பயனர் பெயர் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்'. தொழிற்சாலையில் வைத்ததைப் பலர் மாற்றவே இல்லை. முந்திய ஆண்டு மிராய் என்ற நிரலும் இதே ஓட்டையால்தான் உலகெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது.

வைஃபை கடவுச்சொல் வேறு, ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் வேறு. அந்த 'அட்மின்' இரண்டாவது வகை. முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. இரண்டாவதையும் இன்றைக்கே மாற்றுங்கள். வழி தெரியாவிட்டால், இணைப்புத் தந்த நிறுவனத்துக்கு ஒரு அழைப்பு எடுங்கள். கேட்பது உங்கள் உரிமை.